ஸ்டவ் வெடித்தது

சிவகாசிப் பக்கம் உடம்பில் தீத்தழும்போடு ஒரு பெண்ணைப் பார்த்தால் “எந்தப் பட்டாசு ஆபீஸ்?” என்றுதான் கேட்பார்கள். ஆலைத் தீக்கு இங்கே வரலாறு உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. எம்.சி.மேத்தா வழக்கில், இங்குள்ள தீப்பெட்டித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. அடுப்படியில் எரிந்தவளைத் தேடிப் போனால் கிடைப்பது இரண்டே சொற்கள்: ஸ்டவ் வெடித்தது.

1983 ஜூலையில் ஸ்மிது கோத்தாரி சிவகாசித் தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், வரதட்சணைச் சாவுகளுக்கு எதிராகப் பெண்கள் தெருவில் நின்றதன் பலனாக, தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்ந்தது, 1986-இல் 304பி. இரண்டுமே தீயின் கதைகள். இரண்டையும் சேர்த்து நாம் வாசித்ததேயில்லை.

மரண வாக்குமூலத்தைச் சட்டம் பெரிதும் நம்புகிறது. ஆனால் கட்டிலைச் சுற்றி நிற்பது புகுந்த வீடு. பிள்ளைகள் அவர்கள் கையில். “ஸ்டவ்” என்று அவள் சொன்னதைப் பொய் என்றெழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைக்கு அடுத்த வேளைச் சோறு யார் போடுவார் என்று கணக்குப் பார்த்துச் சொன்ன சொல் அது. (பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிற ஊர் இது. நெருப்பைத் தாங்குபவளைக் கும்பிடத் தெரிந்த நமக்கு, நெருப்பு வைத்தவனைக் கேட்கத் தெரியவில்லை.)

பிழைத்தவள் பாடு வேறு. தழும்பு இறுகும், கழுத்து நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும், விரல் மடங்கிப்போகும். இறுக்கமான உடையை மாதக்கணக்கில் போட்டிருக்க வேண்டும், வலிக்க வலிக்கப் பயிற்சி செய்ய வேண்டும். அடித்த வீட்டிலேயே இருந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா? 2001-இல் சென்னையில் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குள் போய் வேலை செய்ததை அதனால்தான் முக்கியமாக நினைக்கிறேன். உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் வாழ வழியும் அங்கே ஒரே சிகிச்சையாகின. 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம், அவள் வாழ்ந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையைத் தந்தது. வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு கூரை வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“எங்க சித்தி வீட்டுல ஸ்டவ்வே கிடையாது, மேடம். வெறகடுப்புதான்.”