பதினாலு கேரட் மோதிரம்

எங்கள் தாத்தாவின் கல்யாண மோதிரத்தை ஒருமுறை நகைக்கடைக்கு எடுத்துப் போனோம். உரசிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். "இது பதினாலு கேரட்தாங்க. அறுபத்துமூணு, அறுபத்துநாலுல செஞ்சதா?" என்று கேட்டார். கல்யாணம் நடந்தது 1964-இல்! உரைகல் வருஷம்கூடச் சொல்லுமா என்று வியந்துபோய்த் தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

1962 அக்டோபரில் சீனப் போர். நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள் (1975-இல் வந்தது வேறு, இது அதற்கு முந்தையது). அந்நியச் செலாவணிக்குப் பெரும் தட்டுப்பாடு. தங்க இறக்குமதிக்கு ஏற்கெனவே தடை இருந்தும் கள்ளத் தங்கம் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஈடான பணம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அரசின் கவலை நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்த வைத்தியம்?

1963 ஜனவரியில் நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். புதிதாகச் செய்யும் நகை 14 கேரட்டைத் தாண்டக் கூடாது. 24-க்கு 14 என்றால் 58 சதவீதம் சொச்சம்தான் தங்கம். மீதி வேறு உலோகம். நம் ஊரில் நகை என்றாலே 22 கேரட் அல்லவா? கட்டியாகவோ காசாகவோ தங்கம் வைத்திருந்தால் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

இதில் முதலில் அடிபட்டவர்கள் பொற்கொல்லர்கள். தலைமுறை தலைமுறையாக 22 கேரட்டில் பழகிய கைக்கு இந்தக் கடினமான கலவை ஒத்துவரவில்லை. வாங்கவும் ஆளில்லை. பட்டறைகள் மூடின. பிழைப்புப் போய்த் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. கூலிக்கு நகை செய்யும் ஆசாரியா அந்நியச் செலாவணியைக் கரைத்தார்?

1966-இல் 14 கேரட் விதியைக் கைவிட்டார்கள். 1968 ஜனவரியில் நெருக்கடி நிலையும் முடிந்தது. அத்தோடு கட்டுப்பாடும் போயிருக்க வேண்டும்தானே? அதுதான் இல்லை. அதே 1968-இல் அதை நிரந்தரச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்! தனி மனிதர் தங்கக் கட்டி வைத்திருப்பது குற்றம். வியாபாரிக்கு லைசென்ஸ், ஆசாரிக்குச் சான்றிதழ், கையிருப்புக்கு வரம்பு, எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகம். 1969-இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை அடிப்படை உரிமைக்கு முரணானவை என்று ரத்து செய்தது. அரசு திருத்தம் கொண்டுவந்து சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

கடத்தலாவது நின்றதா? பி.காம். முதல் வருஷப் பாடமே பதில் சொல்லிவிடும். தேவை அப்படியே இருக்க, வரத்தை மட்டும் அடைத்தால் விலை ஏறும். உள்ளூர் விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் கடத்தல்காரனின் லாபம். எழுபதுகளில் பம்பாய்க் கடற்கரையில் கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. ஒழுங்காக லைசென்ஸ் வாங்கியவர் அதிகாரிக்குப் பயந்தார். வாங்காதவர் பணக்காரர் ஆனார்.

கடைசியில் 1990-இல் வி.பி. சிங் அரசில் நிதி அமைச்சராக இருந்த மது தண்டவதே சட்டத்தை ரத்து செய்தார். அவர் சோசலிஸ்ட் என்பதைக் கவனியுங்கள். 1963-இலிருந்து எண்ணினால் 27 வருஷம். சீனப் போர் நடந்ததோ ஒரு மாதம்!

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது, அடுத்து வீட்டு நகைதான் என்று ஊரே பயந்தது. சோதனைக்கு வந்தாலும் திருமணமான பெண்ணிடம் 500 கிராம், ஆகாத பெண்ணிடம் 250, ஆணிடம் 100 கிராம் வரை பறிமுதல் செய்யமாட்டோம் என்று டிசம்பரில் அரசு விளக்கம் சொல்ல வேண்டிவந்தது.

எனவே, "இது தற்காலிக நடவடிக்கை" என்று எந்தக் கட்சி அரசு சொன்னாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: முடியும் தேதி என்ன? தேதி போடாத தற்காலிகம் எவ்வளவு நீளும் என்பதற்கு எங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு மோதிரம் சாட்சி இருக்கிறது.