அப்புக்காத்தும் பிறக்கிராசியும்

மதுரங்குளிப் பகுதி முதியோர் சட்டத்தரணியை இன்றும் 'அப்புக்காத்து' என்றும் 'பிறக்கிராசி' என்றும் குறிப்பிடுவதைக் கேட்கலாம். மாணவர்க்கு இவை ஒருபொருட் சொற்களாகத் தோன்றும். உண்மையில் இவை அந்நிய ஆட்சி வகுத்த இருவேறு படிநிலைகளின் பெயர்கள். கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களை ஆயத்தஞ் செய்பவர் பிறக்கிராசி. மேல்மன்றில் எழுந்து வாதிடுபவர் அப்புக்காத்து. வழக்கு மேலே ஏறினால் ஏழை இருவருக்கும் கூலி கொடுத்தல் வேண்டும்.

கமரனின் பரிந்துரைகளையொட்டிப் பிறந்த 1833 ஆம் ஆண்டு நீதிப் பட்டயம், இவ்விரு சாராரையும் பரீட்சித்துப் பதிவுசெய்யும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்துக்கு அளித்தது. நற்பெயர், தகுந்த அறிவு, ஆற்றல் என்பனவே அது கேட்ட தகுதிகள். ஏட்டளவில் இதிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆயின் அவ்வறிவு எம்மொழியில் அளக்கப்பட்டது? 1874 இல் கொழும்பில் எழுந்த சட்டக்கல்லூரியும் ஆங்கிலத்திலேயே கற்பித்தது. ஆங்கிலக் கல்விக்குப் பணம் செலவிட இயலாதவன் வாசலிலேயே நின்றான்.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டை நோக்குக. நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது என 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. நொத்தாரிசுக்கோ தமிழிலும் சிங்களத்திலும் தொழில் புரிய உரிமைப்பத்திரம் வழங்கப்பட்டது. ஆகவே, தென்னங்காணியை எழுதிக் கொடுக்கத் தமிழ் போதும். இழந்த காணிக்காக உயர்நீதிமன்றில் வாதிட ஆங்கிலம் வேண்டும்!

ஆங்கிலங் கற்றுப் பதிவும் பெற்றவர்க்கேனும் கதவு முழுதாகத் திறந்ததா? 1905 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தவரான அப்புக்காத்து எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர்நீதிமன்றில் தோன்றினார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு இணங்கவில்லை. தலையுள் இருந்த சட்டஞானம் போதாதாம். தலைமேல் இருந்த தொப்பியே மன்றின் மரியாதைக்கு இடையூறாயிற்றாம்! தனியொருவரின் மானப்பிரச்சினையாக இது முடிந்துவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31 ஆந் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம் மக்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டனந் தெரிவித்தனர். முடிமன்னருக்கு மனுவும் சென்றது. ஈற்றில் தொப்பியுடன் வாதிடும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. நீதிபதியின் ஆசனம் மனமிரங்கி வழங்கியதன்று அவ்வுரிமை. திரண்ட மக்கள் கேட்டுப் பெற்றது.

எனினும் படிநிலை மட்டும் அசையவில்லை. 1948 இல் நாடு சுதந்திரமடைந்த பின்னரும் அது கால் நூற்றாண்டு நிலைத்தது. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டமே அப்புக்காத்தையும் பிறக்கிராசியையும் 'சட்டத்தரணி' என்னும் ஒரே பெயரின்கீழ் இணைத்தது. அது 1974 சனவரி 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது.