‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’: பெயர்ப் பட்டியலில் வெற்றிடம் விழாமல் காப்பது எப்படி?

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைத் திரட்டும் சிறு இணையத்தளங்களை உறவினர்களும் தன்னார்வலர்களுமே பராமரிப்பதுண்டு. மாத்தளை மாவட்டம் பல்லேகமவில் இருந்தபடி அப்படியொரு தளத்துக்கு உதவியபோது, படிவம் வழியாக வந்த சில பதிவுகளில் ஊர்ப்பெயர் வெற்றாக இருப்பதைக் கண்டேன். திரையில் ‘அன்டிஃபைன்ட் வேரியபிள்’ என்ற எச்சரிக்கையும் இருந்தது. இதே சிக்கலில் உள்ளவர்களுக்காக இந்தக் குறிப்பு.

வழு சொல்வது என்ன?

1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் வெளியிட்ட பிஎச்பி மொழியில் மாறியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. மதிப்பு இட்டதும் அது உருவாகிவிடும். மதிப்பு இடாத மாறியை வாசித்தால், அதை ‘நல்’ எனக் கொண்டு நிரல் தொடர்ந்து ஓடும். ஆபத்து இங்கேதான்: தளம் நிற்பதில்லை, ஆனால் பதிவு வெற்றாகச் சேமிக்கப்படலாம்.

பழைய பதிப்புகளில் இது வெறும் ‘நோட்டிஸ்’. 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்பு இதை ‘வார்னிங்’ ஆக உயர்த்தியது. எனவே வழங்கியில் பதிப்பு மாறியதும் பழைய தளங்களிலும் எச்சரிக்கை தென்படலாம்.

எங்கே தேடுவது?

எச்சரிக்கை காட்டும் வரி, மாறி வாசிக்கப்பட்ட இடம். காரணம் பெரும்பாலும் அதற்கு முன்னரே இருக்கும்.

1. எழுத்து: மாறியின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

2. நிபந்தனை: ‘இஃப்’ பகுதிக்குள் மட்டும் மதிப்பு இட்டிருந்தால், நிபந்தனை பொய்யாகும்போது மாறி இருக்காது. தொடக்கத்திலேயே ஒரு மதிப்பு இடுங்கள்.

3. செயற்கூறு: வெளியே உள்ள மாறி உள்ளே தெரியாது. அதை அளபுருவாக அனுப்புங்கள்.

4. படிவம்: புலத்தின் பெயர் நிரலில் உள்ளதுடன் பொருந்த வேண்டும். குறியிடாத தெரிவுப்பெட்டி வழங்கிக்கு வருவதே இல்லை. இதற்கு ‘அன்டிஃபைன்ட் அரே கீ’ என்ற எச்சரிக்கை வரும்.

எப்படித் தீர்ப்பது?

தொலைபேசி எண் போன்ற விருப்பப் புலங்களுக்கு, 2015இல் 7.0 பதிப்புடன் வந்த இரட்டைக் கேள்விக்குறியால் மாற்று மதிப்புக் கொடுக்கலாம். பெயர், ஊர், காணாமற்போன திகதி ஆகியவற்றுக்கு அது கூடாது; அவை இல்லையெனில் படிவத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

‘@’ குறியிட்டு எச்சரிக்கையை மறைக்காதீர்கள். பொதுத் தளத்தில் வழுக்களைத் திரையில் காட்டுவதை நிறுத்தி, பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். வழங்கியின் கோப்புப் பாதை அந்நியருக்குத் தெரியக்கூடாது.

நிரலைத் திருத்திய பின், வெற்றான பழைய பதிவுகளைத் தேடி எடுத்து, குடும்பத்தினரிடம் மீண்டும் கேட்டு நிரப்புங்கள். தாமே விபரம் சொல்லக்கூடிய பெற்றோர் முதுமையடைந்து வருகிறார்கள். இந்த வேலையைப் பிற்போட வேண்டாம்.