பகைவர் இருவர், பள்ளிவாசல் ஒன்று

மன்னர்கள் எழுப்பும் மாளிகைகள் பெரும்பாலும் அவர்தம் ஆட்சியோடு மறைந்துபோகின்றன. மக்கள் கூடித் தொழும் இடங்களோ அரசுகள் பல மாறிய பின்னும் நிலைத்து நிற்கின்றன. இதற்குச் சிறந்ததொரு சான்று, ஈரான் நாட்டின் இஸ்பஹான் நகரிலுள்ள ‘மஸ்ஜிதே ஜாமி’ என்னும் பெரிய பள்ளிவாசல். நகரத்தார் அனைவரும் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஒன்றுகூடித் தொழுவதற்கென அமைந்தது அது. ‘ஜாமி’ என்னும் சொல்லே ஒன்றுசேர்த்தலைக் குறிப்பதாகும்.

அதன் தொடக்கம் எளிமையானது. அப்பாசியக் கலீபாக்களின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 840இல், திறந்த முற்றத்தைச் சுற்றித் தூண் வரிசைகள் கொண்ட தொழுகை மண்டபம் அங்கே எழுந்தது. அதற்கும் முந்திய சிறிய பள்ளிவாசலின் தடயங்களை 1970களில் இத்தாலிய அகழ்வாய்வாளர்கள் தரைக்கடியில் கண்டறிந்தனர்.

11ஆம் நூற்றாண்டில் செல்ஜூக் துருக்கியர் இஸ்பஹானைத் தம் தலைநகராக்கினர். சுல்தான் மாலிக் ஷாவின் தலைமை அமைச்சர் நிஜாமுல் முல்க், 1086-87இல் மக்காவை நோக்கிய தென்புறத்தில் மாபெரும் கவிகை ஒன்றை எழுப்பினார். அவருக்கு அரசவையில் ஒரு பகைவர் இருந்தார். பெயர் தாஜுல் முல்க். அரசி தெர்க்கன் காத்தூனின் ஆதரவு பெற்றவர். அவர் வாளாவிருப்பாரா? 1088-89இல் அதே நேர்கோட்டில் வடபுறத்தில் தாமும் ஒரு கவிகையை எழுப்பினார்.

அளவில் சிறியதாயினும் அழகில் வென்றது வடகவிகையே. ஏறத்தாழ 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட அதில் வண்ணப்பூச்சு இல்லை, செங்கல்லே அணிகலன். கீழே சதுரமாகத் தொடங்கும் அறை, மேலே எண்கோணமாகி, பதினாறு பக்கங்களாகி, முடிவில் வட்டமாகின்றது. கவிகையின் உட்புறத்தில் செங்கல் வரிகள் ஐங்கோண விண்மீனாகப் பின்னிக் கிடக்கின்றன. கனமான கூரையைத் தாங்குகிறோம் என்ற களைப்பே அச்சுவர்களில் தெரிவதில்லை.

போட்டியிட்ட இருவரும் என்ன ஆயினர்? 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த ஆண்டே அவருடைய ஆதரவாளர்களின் கையால் தாஜுல் முல்க்கும் மடிந்தார். 1121-22இல் உட்பகையின் தீ பள்ளிவாசலையே பற்றியது. எனினும் சாம்பலினின்று புதியதோர் அமைப்பு பிறந்தது. முற்றத்தின் நான்கு பக்கங்களிலும் ‘ஈவான்’ எனப்படும், முகப்பு முழுதும் திறந்த வளைவு மண்டபங்கள் எழுந்தன. பழம் பாரசீக அரண்மனைகளின் உறுப்பான ஈவான் இவ்வாறு தொழுகைக்குரியதாயிற்று. நாற்புறமும் ஈவான்கள் சூழ்ந்த இந்த அமைப்பே பிற்காலப் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு முன்மாதிரி.

பின்வந்தோரும் தத்தம் பங்கைச் சேர்த்தனர். மங்கோலிய மன்னர் ஒல்ஜைத்துவின் காலத்தில், 1310இல், கொடியும் எழுத்தும் பின்னிய நுண்ணிய சுதைவேலையோடு தொழுகைத் திசை காட்டும் மாடம் அமைந்தது. குழந்தைப் பருவத்தில் நிக்கோலாஸ் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்று, பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் இம்மன்னர். 1447இல் தைமூர் வழியினர் குளிர்கால மண்டபத்தைக் கட்டினர். சபாவியர் நீல ஓடுகளால் அணிசெய்தனர். அவருள் முதலாம் ஷா அப்பாஸ் 1611இல் நகரின் வேறொரு பகுதியில் புதிய பெரும் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கிய பின்னும், கடைத்தெருவோடு ஒட்டிய இப்பழைய இடத்தை மக்கள் கைவிடவில்லை. 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் நடந்த போரில் குண்டுவீச்சால் இடிந்த பகுதியும் மீண்டும் எழுப்பப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தாஜுல் முல்க்கின் கவிகை முதலில் பள்ளிவாசலுக்கு வெளியே தனித்து நின்றது. பின்வந்த தலைமுறையினர் அதை இடிக்கவில்லை. கட்டடத்தை விரித்து அதனையும் உள்ளே சேர்த்துக்கொண்டனர். அமைச்சர் இருவரும் ஒருவரையொருவர் வெல்லக் கட்டினர். தொழவந்த மக்களோ இருவர் பணியையும் தமதாக்கிக்கொண்டனர். இன்று தென்கவிகையும் வடகவிகையும் ஒரே முற்றத்தின் இரு புறங்களிலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. நடுவே மக்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர்.