காசு தள்ளும் யந்திரத்தின் கதை

சென்ற தவணையிலே எமது மாணவன் ஒருவன் ஒரு கேள்வியோடு வந்தான். காசு தள்ளும் யந்திரம் ஒன்று இயங்குவதை அவன் கைத்தொலைபேசித் திரையிலே கண்டிருக்கின்றான். கண்ணாடிக்குப் பின்னே செப்புக் காசுகள் குவிந்து கிடக்கின்றன; ஒரு தட்டு முன்னும் பின்னும் ஓயாது அசைகின்றது; விளிம்பிலே தொங்கும் காசுகள் இதோ விழப்போகின்றன என்று தோன்றுகின்றது. அத்தகைய யந்திரம் ஒன்றை வீட்டிலே செய்யலாமா, செய்தால் அது சூதாட்டம் ஆகிவிடுமா என்று அவன் கேட்டான்.

'செய்யலாம்' என்று ஒரு சொல்லிலே விடைகூறி அவனை அனுப்பிவிட எமக்கு மனம் வரவில்லை. ஒரு பொருளைச் செய்ய முனைபவன், அது எங்கே, எவருக்காக, எத்தகைய சூழ்நிலையிலே தோன்றியது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். விளையாட்டுப் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு உழைக்கும் மக்களின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதை இந்த யந்திரத்திலே தெளிவாகக் காணலாம்.

இதன் தாயகம் இங்கிலாந்தின் கடற்கரை நகரங்களாகும். 19ஆம் நூற்றாண்டிலே லங்காஷயர் மாகாணத்துப் பருத்தி ஆலைகளில் உழைத்தோர், ஆண்டு முழுவதும் புகைக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவிலே வாழ்ந்தனர். கோடையிலே ஒரு வாரம் ஊரிலுள்ள ஆலைகளெல்லாம் ஒருங்கே மூடப்படும். 'வேக்ஸ்' வாரம் என வழங்கிய அந்த ஓய்வுக் காலத்திலே ஊரே திரண்டு கடற்கரைக்குச் செல்லும். 1846இல் பிளாக்பூல் வரை புகையிரதப் பாதை அமைந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. ஆயினும், சம்பளத்தோடு கூடிய விடுமுறை பற்றிய சட்டம் 1938இலேதான் நிறைவேறியது. அதற்கு முன்னர் பெரும்பாலான தொழிலாளர் விடுமுறையிலே செலவிட்டது, ஆண்டு முழுவதும் கிழமைதோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே.

அந்தச் சிறு பணத்தை எதிர்நோக்கி ஒரு பெருந்தொழில் வளர்ந்தது. 1880களிலே பெர்சிவல் எவெரிட் என்பார், காசு போட்டால் அஞ்சலட்டை தரும் பெட்டியை உருவாக்கினார். காசின் நிறையே பூட்டைத் திறக்கும் இத்தகைய பொறிகள் விரைவிலே புகையிரத நிலையங்களிலும் கடற்பாலங்களிலும் இடம்பிடித்தன. ஒரு பென்னி போட்டால் பொம்மை ஆடிற்று. எதிர்காலம் கூறும் சீட்டு வந்தது. சிறு உருண்டையைச் சுண்டி விளையாட முடிந்தது. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு உண்டு: போட்ட காசு உடனே கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

காசு தள்ளும் யந்திரம் இந்த இயல்பைத் தலைகீழாக்கியது. சிறு தொகைப் பந்தய யந்திரங்களுக்குச் சட்டபூர்வமான இடமளித்த 1960ஆம் ஆண்டுப் பந்தய, சூதாட்டச் சட்டத்தின் பின்னர், கெண்ட் மாகாணத்தின் ராம்ஸ்கேற் நகரிலிருந்த குரொம்ப்டன் நிறுவனம் 1960களின் நடுப்பகுதியிலே 'பென்னி ஃபோல்ஸ்' என்னும் யந்திரத்தை வெளியிட்டது. 'பென்னி வீழ்ச்சி' எனப் பொருள்படும் அப்பெயர், பின்னர் சட்டநூல்களிலும் புகுந்து இவ்வகை யந்திரங்களுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. இங்கே போட்ட காசு மறைவதில்லை. அது ஏனைய காசுகளோடு கண்ணெதிரே கிடக்கின்றது. காசே கருவி, காசே பரிசு. நாம் இட்ட காசு மற்றொரு காசைத் தள்ளும். அது இன்னொன்றைத் தள்ளும்.

யந்திரத்தின் அமைப்பு மிக எளியது. கீழே அசையாத் தட்டு. அதன்மேல் முன்பின்னாக அசையும் தட்டு. அதற்குப் பின்புறத்திலே அசையாச் சுவர். மேல்தட்டு முன்னே வரும்போது காசு அதன்மீது விழுகின்றது. தட்டு பின்வாங்கும்போது, அதனோடு காசும் பின்செல்லாதவாறு சுவர் தடுத்து நிறுத்துகின்றது. ஆகவே அக்காசு தனக்கு முன்னாலுள்ள காசுகளை நெருக்குகின்றது. ஒன்றிரண்டு கீழ்த்தட்டிலே விழுகின்றன. தட்டு மீண்டும் முன்னே வரும்போது, அதன் முகப்பு கீழ்த்தட்டிலுள்ள குவியலை விளிம்பை நோக்கித் தள்ளுகின்றது. முன்விளிம்பிலே விழுபவை ஆடுபவனைச் சேரும். ஆனால் இருபக்கமும் பள்ளங்கள் உண்டு. அங்கே விழுபவை யந்திரத்தின் உடைமையாளனைச் சேரும்.

விளிம்பிலே தொங்கும் காசுகள் விழாதிருப்பதிலே மாயம் ஏதுமில்லை. அவற்றின் பின்பாதிமீது வேறு காசுகள் ஏறிக் கிடக்கின்றன. அந்தப் பாரமே அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றது. பார்ப்பவனுக்கோ, 'இன்னும் ஒன்று போட்டால் போதும்' என்னும் ஆசை பிறக்கின்றது.

இங்கேதான் நாம் நிதானித்து எண்ணிப் பார்க்கவேண்டும். தட்டின்மேல் கிடக்கும் குவியல் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவிலே இருக்கின்றது. அப்படியாயின், நீண்டகாலத்திலே எத்தனை காசுகள் உள்ளே செல்கின்றனவோ அத்தனை காசுகளே வெளியே விழமுடியும். அதற்குமேல் விழ வழியில்லை. அவ்வாறு விழுபவற்றிலும் ஒரு பங்கு பக்கப் பள்ளங்களுக்குப் போகின்றது. எனவே ஒருவன் ஒரு தடவை வெல்லலாம். ஆடுவோர் அனைவரும் சேர்ந்து ஒருபோதும் வெல்லமுடியாது. கண்ணைக் கவரும் அந்தக் குவியல் ஆடுபவனுக்குரிய பரிசன்று. அது உடைமையாளனின் நிலையான முதல்.

உதாரணமாக, பத்துக் காசுகள் விழும்போது எட்டு ஆடுபவனுக்கும் இரண்டு பள்ளத்துக்கும் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 காசோடு தொடங்கியவன், கிடைத்ததை மீண்டும் மீண்டும் போட்டால், முதற் சுற்றின் முடிவிலே 80, அடுத்து 64, அடுத்து 51 எனக் குறைந்து, பத்தாவது சுற்றின் முடிவிலே ஏறத்தாழ 11 காசோடு நிற்பான். 'எட்டுப் பங்கு திருப்பித் தருகின்றோம்' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவனுடைய கை வெறுங்கை ஆவதும் உண்மையே. எவரும் ஏமாற்றவில்லை; எந்த விதியும் மீறப்படவில்லை. பள்ளத்தின் அகலமே எல்லாவற்றையும் முடிவுசெய்துவிடுகின்றது.

1971 பெப்ருவரி 15ஆந் திகதி பிரித்தானியா தசம நாணயத்துக்கு மாறியது. அதுவரை ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். அன்று முதல் 100. ஏறத்தாழ 31 மில்லிமீற்றர் விட்டமுள்ள பழைய பென்னி அவ்வாண்டிலேயே வழக்கொழிந்தது. காலப்போக்கிலே 26 மில்லிமீற்றர் அளவான புதிய இரண்டு பென்ஸ் நாணயம் இந்த யந்திரங்களுக்குரியதாக நிலைபெற்றது. முகப்பெறுமதியிலே அது பழைய பென்னியைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. மிகச் சிறிய காசு என்னும் தோற்றம் மாறவில்லை. பந்தயம் மட்டும் உயர்ந்துவிட்டது.

1968ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பந்தய யந்திரங்கள்மீது கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2005ஆம் ஆண்டுச் சட்டமோ காசு தள்ளும் யந்திரத்தை மிகக் கீழான வகுப்பிலே சேர்த்து, அதனை ஆடுவதற்கு வயதெல்லை எதனையும் விதிக்காது விட்டது. 2014இலே அதன் பந்தய உச்சம் 20 பென்ஸ் எனவும், பரிசின் உச்சம் 20 பவுண் எனவும், அதிலே பணமாகக் கொடுக்கத்தக்கது 10 பவுண் எனவும் வரையறுக்கப்பட்டன. தொகை சிறிதென்பது உண்மை. ஆனால், வென்றதைத் திரும்பப் போடும் பழக்கத்தைக் குழந்தை கற்றுக்கொள்ளும் முதற் பள்ளிக்கூடம் இதுவாகலாம் அல்லவா? 2018இலே ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் நாணயங்களின் எதிர்காலம் குறித்துப் பிரித்தானிய அரசு கருத்துக் கேட்டபோது, கேளிக்கைக்கூடத் தொழிலினர் கவலை தெரிவித்தனர். 2019இலே அவற்றைத் தொடர்ந்து வைத்திருப்பதென அரசு அறிவித்தது.

ஜப்பானிலே இதே யந்திரம் வேறு பாதையிலே சென்றது. 1970கள் முதல் அங்கே வளர்ந்த 'மெடல்' ஆட்டங்களிலே காசுக்குப் பதிலாக உலோக வில்லைகளே பயன்படுகின்றன. வில்லைகளைப் பணங்கொடுத்துப் பெறலாம். அவற்றைப் பணமாகவோ பரிசாகவோ மாற்றமுடியாது. வெல்வது இன்னும் சற்றுநேரம் ஆடும் வாய்ப்பை மட்டுமே. பணம் திரும்பிவரும் என்னும் ஆசை அங்கே அறுக்கப்பட்டிருக்கின்றது; எனினும் ஆட்டத்தின் சுவை குன்றவில்லை. சுவை வேறு, பேராசை வேறு என்பதற்கு இதுவே சான்று.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். கேளிக்கைக்கூடங்கள் கழித்துவிட்ட பழைய யந்திரங்களை வாங்கி வீட்டிலே வைப்போர் மேலைநாடுகளிலே உண்டு. ஆனால் அவை கனமானவை. ஒரு குறிப்பிட்ட அளவு நாணயத்துக்கென்றே அமைந்தவை. சில இடங்களிலே அவற்றை உடைமையாக வைத்திருப்பதையே சட்டம் கேள்விக்குள்ளாக்கும். செய்வதே எளிது. ஒட்டுப்பலகையாலான ஒரு பெட்டி. வழுவழுப்பான இரண்டு தட்டுகள். அசையும் தட்டு இழுபட்டுச் செல்ல, மேசை லாச்சியிலே பொருத்தும் இரும்புச் சட்டங்கள். முகப்புக்கு ஒரு கண்ணாடித் தகடு. மோட்டார் வண்டியின் கண்ணாடி துடைக்கும் 12 வோல்ற் மோட்டார் மெதுவாகவும் உறுதியாகவும் சுழலக்கூடியது. அதன் அச்சிலே ஒரு சிறு கையைப் பொருத்தி, அதனை ஒரு தண்டினால் தட்டோடு இணைத்தால், சுழற்சி முன்பின் அசைவாக மாறும். கையின் ஆரை 3 சென்ரிமீற்றர் ஆயின், தட்டு 6 சென்ரிமீற்றர் தூரம் சென்று மீளும். அசையும் இடுக்கிலே விரல் அகப்படாதவாறு மூடிவைப்பது இன்றியமையாதது. காசுக்குப் பதிலாக ஒரே அளவான உலோக வில்லைகளைப் பயன்படுத்துவதே நன்று.

இவற்றையெல்லாம் கூறிய பின்னர் நாம் அவனிடம் ஒன்று கேட்டோம்: "பக்கத்துப் பள்ளங்களை என்ன செய்யப்போகிறாய்?" அவன் சற்றுநேரம் சிந்தித்து, "அடைத்துவிட்டால் என்ன, சேர்?" என்றான். அடைத்துப் பார்க்கட்டும். அப்போது போட்டவை யாவும் காலப்போக்கிலே முன்பக்கமே வந்து விழும். எவருக்கும் இலாபமில்லை, நட்டமுமில்லை. எஞ்சுவது விளையாட்டு மட்டுமே. பின்னர் பள்ளங்களைத் திறந்துவைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு நூறு வில்லைக்கும் எத்தனை பள்ளத்திலே மறைகின்றன என்று எண்ணிக் கொப்பியிலே எழுதட்டும்.

ஆலைத் தொழிலாளியின் சேமிப்பு எவ்வாறு கரைந்தது என்பதை அந்தக் கணக்கு அவனுக்கு எமது பாடத்தைவிடத் தெளிவாக உணர்த்தும். கண்ணாடியின் முன்னே நிற்பவன் விளிம்பை மட்டுமே பார்க்கின்றான். யந்திரத்தைத் தன் கையாலே செய்தவனோ பள்ளத்தையும் பார்க்கின்றான். அந்தப் பார்வை எமது பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதனாலேயே, 'செய்' என்று அவனுக்கு விடை கூறினோம்.