வழிவிடும் ஓசை

மின்னணு இசையமைப்பில் ‘சைட்செயின் கம்ப்ரஷன்’ என்றோர் உத்தி உண்டு. ஓர் ஓசை எழும்போதெல்லாம் இன்னோர் ஓசையின் அளவைக் கருவியே குறைக்கும். முதலாவது ஓய்ந்ததும் மற்றது பழையபடி மேலே வரும். அறிவிப்பாளர் பேசும்போது பாட்டு தணிவது இதன் எளிய வடிவம். அதற்குப் பெயர் ‘டக்கிங்’. இது கருவியோடு பிறந்த புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். கருவி புதிதுதான். எந்த ஓசைக்கு எது வழிவிட வேண்டும் என்ற தீர்ப்போ தென்மாவட்டக் கோயில் விழாக்களில் செவியாலும் கையாலும் வழங்கப்பட்டுவந்த ஒன்று.

நெல்லை, குமரிச் சீமையின் கொடை விழாக்களில் தழைத்த வில்லுப்பாட்டே இதற்குச் சான்று. வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்க, உடுக்கையும் குடமும் தாளமும் கட்டையும் சேர்ந்து முழங்கும். புலவர் பாட்டை விட்டு வசனத்துக்கு வந்ததும் அத்தனையும் தணியும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மீண்டும் எழும். பின்னாளில் அந்தச் சீமையின் ஆலங்குளம் போன்ற ஊர்களின் விழாக்களுக்கு ரேடியோ செட் எனப்பட்ட ஒலிபெருக்கி வந்தது. குழாயில் பாட்டு ஓடும்போது யாராவது மைக்கைப் பிடித்தால், செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரில் பாட்டின் திருகைக் குறைப்பார்; பேச்சு முடிந்ததும் கூட்டுவார். கருவி செய்வதும் இதே மூன்று வேலைகள்தாம்: கேட்பது, குறைப்பது, மீட்பது.

மனிதர் தணிப்பதும் மின்சுற்று தணிப்பதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். வேகத்தில் ஒன்றல்ல; கருவி மில்லிவினாடிக் கணக்கில் இயங்குகிறது. இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எரிக் பிரிட்ஸ் 2004இல் வெளியிட்ட ‘கால் ஆன் மீ’ போன்ற நடன இசையில், கிக் டிரம் விழுந்ததும் மற்ற ஓசைகள் அமுங்கி எழும் அந்த ஏற்ற இறக்கமே தாளமாகிவிடுகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரை வினாடிக்கு ஒரு முறை இது நிகழும். இது மெய்யான புதுமை. வில்லுப்பாட்டிலிருந்து வந்தது என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் அங்கும் கிக் டிரமும் பாஸும் ஒரே தாழ்ந்த ஒலிப்பரப்புக்குப் போட்டியிடுகின்றன. எது முன்னே, எது பின்னே என்பதைக் கருவி அறியாது. அமைப்பவர்தான் சொல்ல வேண்டும். குடத்தின் வாயில் மெல்ல விழுந்த மட்டையும் திருகைக் குறைத்த விரலும் அந்தத் தீர்ப்பைத்தான் வழங்கின. ஒலிக்கலையின் வரலாறு கருவிகளோடு இந்தக் கைகளையும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.