கோட்டைக்குள் அடைபட்ட உள்ளம்: தன்னலத்தை வெல்லச் செபம் காட்டும் வழி



செஞ்சிக் கோட்டையைப் பார்க்காதவர்கள் நம் பகுதியில் குறைவு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு அதன் மதில்கள் செல்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதனை மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ராஜகிரியின் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பு பாறையில் ஆழமான ஒரு பிளவு உண்டு. அக்காலத்தில் அதன்மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள். எதிரி நெருங்கினால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். மேலே இருப்பவருக்குப் பாதுகாப்பு. ஆனால் அவரிடம் யாரும் வர முடியாது. அவரும் யாரிடமும் போக முடியாது.

தன்னலம் என்பது இதுதான். சண்டை போட்டால்தான் தன்னலம் என்றில்லை. சத்தமில்லாமல் பாலத்தை எடுத்துவிட்டாலே போதும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பெரியவர். ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஞாயிறு மறையுரைக்காக நல்ல சமாரியர் உவமையைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். "ஸ்தோத்திரம் சாமி" என்று வாசலில் குரல் கேட்டது. கையில் மருத்துவமனைச் சீட்டு. அதைப் படித்துச் சொல்ல வேண்டுமாம். "சாயந்திரம் வாங்க பெரியவரே" என்று அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, "நீங்க வேலையா இருந்தீங்க சாமி, டீக்கடையில ஒரு புள்ளகிட்ட குடுத்துப் படிச்சுக்கிட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. உவமையில் கண்டும் காணாமல் விலகிச் சென்ற குரு (லூக் 10:31) யார் என்பதற்கு அன்று எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

தன்னலம் என்றால் என்ன?

தன்னை அன்பு செய்வது தன்னலம் அல்ல. தன்னை அன்பு செய்வதுபோல் பிறரையும் அன்பு செய்யுமாறு ஆண்டவர் கட்டளையிட்டார் (மத் 22:39). உடல்நலம் பேணுவதும், ஓய்வு எடுப்பதும், உழைத்த கூலியைக் கேட்டுப் பெறுவதும் பாவம் அல்ல. எல்லாவற்றையும் "எனக்கு என்ன?" என்ற ஒரே கோலால் அளப்பதுதான் தன்னலம்.

அறிவற்ற செல்வனின் உவமையை (லூக் 12:16-21) நினைத்துப் பாருங்கள். நிலம் நன்றாக விளைந்தது. நம் ஊர்களில் நெல்லும் மல்லாட்டையும் நன்றாக விளைந்தால் களத்தில் எத்தனை பேர் கூடுவார்கள்! அறுத்தவர், சுமந்தவர், தூற்றியவர், கேட்டு வந்தவர் என எல்லாரும் அங்கே இருப்பார்கள். உவமையில் வரும் செல்வனுக்கோ பேசுவதற்கு ஆள் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள் என்பதே அவன் பேச்சு. அவன் திருடியதாக ஆண்டவர் சொல்லவில்லை. அவன் உலகத்தில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை; அதுவே அவன் குற்றம்.

தலையான பாவங்கள் ஏழு என்று திருச்சபை கற்பிக்கிறது. அவற்றுள் செருக்கு, பேராசை, பொறாமை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், மூன்றின் நடுவிலும் 'நான்' அமர்ந்திருப்பதைக் காணலாம்.

செபத்திலும் தன்னலம் நுழையும்

"சாமி, நான் தினமும் செபிக்கிறேனே" என்று சிலர் கேட்கலாம். பரிசேயரும் செபித்தார்! ஆலயத்திற்குச் சென்ற இருவரில் (லூக் 18:9-14) அதிக நேரம் பேசியவர் அவர்தான். ஆனால் பேசியதெல்லாம் தன்னைப் பற்றி. வரிதண்டுபவரைக்கூடத் தன்னை உயர்த்திக் காட்டவே பயன்படுத்தினார்.

நம் நவநாள்களையும் நேர்ச்சைகளையும் இந்த ஒளியில் பார்ப்போம். வேலை கிடைக்க வேண்டும், பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கெத்சமனியில் இயேசுவும் தம் துன்பம் நீங்கும்படி கேட்டார். ஆனால் அவருடைய செபம் அந்த வேண்டுதலோடு முடியவில்லை; தந்தையின் விருப்பத்தில் முடிந்தது (லூக் 22:42). நம்முடைய செபம் எங்கே முடிகிறது? கேட்டது கிடைத்ததும் முடிந்துவிடுகிறதா?

'எங்கள்' என்னும் சொல்

ஆண்டவர் கற்றுத் தந்த செபத்தில் (மத் 6:9-13) 'நான்', 'என்' என்ற சொற்கள் ஒருமுறைகூட இல்லை. தந்தை எங்கள் தந்தை, உணவு எங்கள் உணவு, மன்னிப்பும் எங்களுக்கு. கதவை மூடிக்கொண்டு தனியாகச் செபித்தாலும் 'எங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். உங்களோடு பேசாத பங்காளியும், வரப்புத் தகராறில் எதிர்ப்பக்கம் நிற்பவரும் அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். இச்செபத்தை உண்மை மனதோடு சொல்பவர் தன்மையப் போக்கை விட்டு வெளியேறுகிறார் என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2792) கூறுகிறது.

திருப்பலியும் இதையே கற்பிக்கிறது. கொரிந்தில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்கள் அவரவர் உணவை முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர் பசியோடு இருந்தார். அப்படிப்பட்ட கூட்டம் ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுலடியார் கடிந்துகொண்டார் (1 கொரி 11:20-22). நற்கருணை வாங்கியபின் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பாராமல் போவோமானால், அக்கண்டிப்பு நமக்கும் உரியது.

இந்த மண்ணில் ஒரு சாட்சி

1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே மராத்திய மன்னர் ராஜாராம். ஒரு கோட்டையைக் காக்கவும் பிடிக்கவும் எட்டு ஆண்டுகள்! அதே 1690-இல், போர்த்துக்கல் அரண்மனையை விட்டுவிட்டு ஒருவர் தமிழகம் நோக்கி வந்தார். அவர்தான் புனித அருளானந்தர்.

1647-இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர் ஜான் டி பிரிட்டோ. 1662-இல் இயேசு சபையில் சேர்ந்தார். மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்து, புலால் துறந்து, காவி உடுத்தி, அருளானந்தர் என்ற பெயரோடு மக்களில் ஒருவராக வாழ்ந்தார். செஞ்சி நாடும் அன்று அந்தப் பணித்தளத்தைச் சேர்ந்ததே. 1686-இல் மறவ நாட்டில் பிடிபட்டுக் கடும் வேதனைகளுக்கு ஆளானார். அடுத்த ஆண்டு சபைப் பணிக்காக ஐரோப்பா சென்றபோது, பழைய நண்பரான மன்னர் இரண்டாம் பேதுரு அவரை அங்கேயே தங்கும்படி விரும்பினார். மதிப்பும் பாதுகாப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனாலும் அவர் திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

கோட்டை அரசர்களின் அரண்மனைகள் இன்று இடிபாடுகள். தனக்கென்று ஒரு கூரையும் வைத்துக்கொள்ளாத அருளானந்தரை நாம் இன்றும் பரிந்துபேச அழைக்கிறோம். நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியே பலன் தரும் என்ற ஆண்டவரின் போதனைக்கு (யோவா 12:24) வேறு விளக்கம் வேண்டுமா?

நாள்தோறும் செய்யக்கூடியவை

அருளானந்தரின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஐந்து படிகள் கொண்ட ஆன்ம பரிசோதனையைக் கற்பித்தார். இரவு படுக்குமுன் பத்து நிமிடம் போதும்.

1. இன்று பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுங்கள். நன்றி சொல்பவரால், எல்லாம் தன் உழைப்பே என்று நினைக்க முடியாது.
2. உங்கள் குற்றத்தைக் காணும் அருளைக் கேளுங்கள். பிறர் குற்றத்தைக் காண அருள் தேவையில்லை!
3. காலை முதல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இன்று யாரைச் "சாயந்திரம் வாங்க" என்று அனுப்பினேன்?
4. மன்னிப்புக் கேளுங்கள். பெரிய குற்றமானால் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுங்கள்.
5. நாளைக்கு ஒரே ஒரு செயலைத் தீர்மானியுங்கள். ஒருவரைச் சென்று பாருங்கள், அல்லது ஒருவருக்குக் காது கொடுங்கள்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. தன்னலம் துறப்பது வீட்டில் ஒருவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை அல்ல. எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடும் தாயைப் பார்த்துத் 'தியாகம்' என்று புகழ்ந்துவிட்டு, நாம் தட்டைக்கூட எடுத்து வைக்காமல் எழுந்து போனால், அந்தப் புகழ்ச்சியும் தன்னலமே. பிறர் நலனையும் நோக்குமாறு பவுலடியார் எழுதியது (பிலி 2:4) அனைவருக்கும்தான்.

இது ஒரே நாளில் வந்துவிடாது. நம் முயற்சியால் மட்டும் வருவதும் அல்ல. பிளவுக்கு இப்பக்கம் நிற்கும் நம்மால் பாலத்தை முழுவதும் போட முடியாது. தம்மையே வெறுமையாக்கி நம்மிடம் இறங்கி வந்த கிறிஸ்துவே (பிலி 2:6-8) அந்தப் பாலத்தைப் போடுகிறார். அதை மீண்டும் எடுத்துவிடாமல் இருப்பதே நம் பங்கு.

செபிப்போம்: அன்புத் தந்தையே, எங்களை நாங்களே சுற்றி எழுப்பிய மதில்களை இடித்தருளும். வாசலில் நிற்பவரின் குரலில் உம் குரலைக் கேட்கும் செவியைத் தாரும். புனித அருளானந்தரைப்போல், எங்களுக்கென்று வைத்திருப்பதை மகிழ்வோடு கையளிக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.